பள்ளிக்கூடம் ஜெயில் என்று என் மகளிடம் சொல்லாதீர்கள்

காப்பிப் பழம் பறிப்பு முடிகிற நேரம் இது. மிளகு இன்னும் கொடியிலேயே இருக்கிறது. உட்கார்ந்து எழுத நேரமில்லாத மாதம்தான். ஆனாலும் ஒரு விஷயம் ரொம்ப நாளாகத் தொண்டையில் நிற்கிறது, துப்பிவிடுகிறேன். சென்னை, கோயமுத்தூர், பெங்களூர் என்று நகரத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் வரட்டும்.

என் மகள் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டில்தான் படிக்கிறாள். இது தெரிந்ததில் இருந்து, விடுமுறைக்கு ஏற்காடு வருகிற நண்பர்கள் பலரும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, படகுத் துறையையும் பகோடா முனையையும் பார்த்து முடித்துவிட்டு, அப்படியே தலைச்சோலைக்கும் ஒரு எட்டு வந்துவிடுகிறார்கள். வரட்டும், சந்தோஷம். காப்பி கொடுப்போம், தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவோம். ஆனால் கிளம்புகிற நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். என் மகள் தலையைத் தடவி, "நீ குடுத்து வெச்சவம்மா, ஸ்கூல்ங்கற ஜெயில்ல இருந்து தப்பிச்சுட்டே. இந்த மண்ணும் மரமும்தான் நிஜமான படிப்பு" என்கிறார்கள்.

இந்த வசனத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

ஏனென்றால், அதே நேரத்தில் பத்தடி தள்ளி இன்னொரு பெண் பிள்ளை நிற்கும். பழம் பறிக்க வந்த அம்மாவோடு சனிக்கிழமை லீவுக்கு வந்த பிள்ளை. கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதையும் நீங்கள் போட்டோ எடுக்கிறீர்கள். என் மகள் பழம் பறித்தால் அதற்குப் பெயர் 'அனுபவக் கல்வி'. அந்தப் பிள்ளை திங்கட்கிழமையும் வந்து பறித்தால் அதற்குப் பெயர் இடைநிற்றல், குழந்தைத் தொழில். ஒரே மலை, ஒரே செடி, ஒரே பழம். இந்த ரெண்டு பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் மண்ணில் இல்லை. திரும்பிப் போக ஒரு வழி யாருக்கு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

எங்கள் தோட்டத்துக்கு வருகிற ஒரு அம்மா இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். "உங்க பாப்பா ஊட்ல இருந்தா படிப்புங்கண்ணா. எங்க பாப்பா ஊட்ல இருந்தா ஆடு மேய்ப்பு." அதற்கு மேல் நான் என்ன எழுத?

சரி, அப்போ நீ மட்டும் ஏன் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் மகளுக்குச் சின்ன வயதில் இருந்தே வீசிங். மழைக் காலத்திலும் பனிக் காலத்திலும் மாதத்தில் பத்து நாள் படுத்துவிடுவாள். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்தபோது நாங்கள் அவளை அனுப்பவில்லை. என் மனைவி பி.எட். படித்தவர், கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் பாடம் நடத்தியவர். தோட்டத்து வருமானம் பெரிதில்லை என்றாலும், அவர் சம்பளத்துக்குப் போகாமலே குடும்பம் ஓடுகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால் நடக்கிற ஏற்பாடு இது. எங்கள் பிள்ளைக்கு, எங்கள் நிலைமைக்குச் செய்துகொண்டது. இதை ஒரு கொள்கையாக்கி ஊரெல்லாம் பரப்ப எனக்கு உரிமை இல்லை.

'மண்ணே ஆசான்' என்று பேசுகிறவர்களுக்காக எங்கள் வீட்டு நாளையும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்குக் கணக்கு. ஒன்பது வரைக்கும் அதுதான். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தமிழ், ஒரு மணி நேரம் ஆங்கிலம். மதியத்துக்கு மேல் அறிவியலோ சமூக அறிவியலோ, அரசுப் பாடநூலை வைத்துத்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாலையில்தான் தோட்டம், நாய், மரம் ஏறுதல் எல்லாம். பறிப்புக் காலத்தில் வீட்டில் எல்லாருக்கும் முதுகு ஒடியும், ஆனாலும் காலை ஏழு மணிக் கணக்கு நிற்காது. என் மனைவிக்கு ஜுரம் என்றால் அன்றைக்கு நான் வாத்தியார். எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாள் கிடையாது, காலாண்டு லீவும் கிடையாது.

தோட்டம் சொல்லித் தராதா என்றால், தரும். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ காப்பிக் கொட்டை தேறும். நூற்றிருபது கிலோ பழத்துக்கு எவ்வளவு கொட்டை, கிலோ கணக்கில் பறிகூலி எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று என் மகள் மனக்கணக்காகவே சொல்வாள். கேட்கிறவர்கள் அசந்துபோகிறார்கள். ஆனால் எட்டில் மூன்றையும் பன்னிரண்டில் ஐந்தையும் கூட்டு என்றால், அதற்கு எந்தச் செடியிடமும் பதில் இல்லை. மேசையில் உட்கார்ந்து, பொதுவான கீழ் எண் கண்டுபிடித்து, இருபது தடவை தப்பாகப் போட்டு, இருபத்தொன்றாவது தடவை சரியாக வரும்போதுதான் அது வரும். இங்கிலீஷ் வாக்கியமும் அப்படித்தான். மின்சுற்றும் அப்படித்தான். பிள்ளைக்கு ஆசை வரும்போது தானாகப் படிக்கும் என்பது, பக்கத்தில் படித்த அம்மா ஒருத்தர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற வீட்டில் சொல்கிற பேச்சு. அந்த அம்மாவின் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. எல்லாப் பெயரும் மண்ணுக்குப் போகிறது.

வருகிறவர்கள் எடுத்துக்காட்டும் சொல்வார்கள். மும்பையில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வீட்டில் படித்த மாளவிகா ஜோஷி 2016ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தாரே என்பார்கள். உண்மைதான். பத்து, பன்னிரண்டு சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.க்குள் நுழைய முடியாத அந்தப் பெண்ணுக்கு, நம்ம சென்னைக் கணிதவியல் கழகம்தான் இங்கே கதவைத் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் உலக கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியவர். மகளுக்காக அம்மா வேலையையே விட்டவர். சர்டிபிகேட் இல்லாத பிள்ளை, சர்டிபிகேட் உள்ள பிள்ளையைவிட எத்தனை மடங்கு உயரம் தாண்டினால் கதவு திறக்கும் என்பதற்குத்தான் அது உதாரணம். அடுத்து காமராசர் என்ன படித்தார் என்று கேட்பார்கள். ஐயா, சின்ன வயதிலேயே படிப்பு நின்றுபோன காமராசர் அதிகாரத்துக்கு வந்ததும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார், 1956ல் மதியச் சோறு போட்டார். எனக்கே பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை, உங்களுக்கு எதுக்கு என்று அவர் சொல்லவில்லை.

காமராசர் அந்த நாற்காலிக்கு வந்த கதையே இந்த விஷயத்தில் இருந்துதான் தொடங்குகிறது. 1953ல் ராஜாஜி முதலமைச்சர். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனவர், ஒரு விதத்தில் எங்கள் மாவட்டத்துக்காரர். அவர் ஒரு ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டில் அப்பா அம்மா செய்கிற தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கு நீங்கள் பேசுகிற பேச்சு மாதிரியே அழகாக இருக்கும்: பிள்ளை ஏட்டுச் சுரைக்காயைத் தின்னாமல் வாழ்க்கையில் இருந்து கற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தத் திட்டம் வந்தது கிராமத்துப் பள்ளிகளுக்கு. நகராட்சிப் பகுதிப் பிள்ளைகளுக்கு முழு நாள் பள்ளிக்கூடம் அப்படியே இருந்தது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பும், மண்வெட்டி பிடிப்பவர் மகன் மண்வெட்டியுமாகவே இருக்க வேண்டுமா என்று பெரியார் தமிழ்நாட்டையே கிளப்பினார். 'குலக்கல்வி' என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான், இன்று வரை போகவில்லை. 1954ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

வீட்டுக்கல்வி செய்கிற நகரத்து நண்பர்கள் எல்லாரும் குலக்கல்விக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் மனசில் அது இல்லை என்று தெரியும். ஆனால் நீங்கள் சொல்கிற வார்த்தை இங்கே வந்து விழும்போது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். சேர்வராயன் மலையில் பள்ளிக்கூடம் புதிதில்லை. ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894ல் வந்தது, மாண்ட்போர்ட் பள்ளி 1917ல் வந்தது. அந்த விடுதிகளில் படிக்க வெளியூர்களில் இருந்து பிள்ளைகள் மலையேறி வந்தார்கள். எங்கள் அக்கம்பக்கத்து மலையாளி மக்கள் வீடுகளில் பாட்டிக்குக் கையெழுத்து வராது, அம்மா அஞ்சாவதோ எட்டாவதோ, மகள்தான் முதல் தடவையாகப் பன்னிரண்டாவது. மூன்று தலைமுறை காத்திருந்து உள்ளே போன வாசலில் நின்றுகொண்டு, உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே வா என்று நீங்கள் கூப்பிடுகிறீர்கள். நீங்கள் நாலு தலைமுறையாக உள்ளே இருந்து எல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள்.

உள்ளே ஒன்றும் இல்லையா? மலைக் கிராமத்தில் பள்ளிக்கூடம் பாடம் மட்டும் நடத்துகிற இடமா? காலையில் உப்புமாவோ கிச்சடியோ கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிற தாய்க்கு இதன் அருமை தெரியும். மதியம் சத்துணவு, முட்டை. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அங்கேதான். ஆறாவதில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது, அடுத்த வருஷமே பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் வந்துவிட்டது. என் மகளுக்கு இதில் எதுவும் கிடையாது. அவளுக்கு அது தாங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தாங்காது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் ஒரு ஆள் பெயர் கூப்பிடுகிறார். பதினாலு பதினைந்து வயசுப் பெண் ரெண்டு நாள் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு டீச்சர் இருக்கிறார். மலைப் பக்கத்தில் அந்த வயசில் பெண் பிள்ளை திடீரென்று வரவில்லை என்றால் பெரும்பாலும் வீட்டில் மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்று அர்த்தம். பதினெட்டு ஆகாமல் கல்யாணம் செய்தால் 2006ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் தானாக நடந்து மலையேறி வராது. டீச்சர் 1098க்குப் போன் போட்டால்தான் வரும். வீட்டிலேயே இருக்கிற பெண்ணுக்குப் பெயர் கூப்பிட யார் இருக்கிறார்கள்? என் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளைப் பதிவு செய்ய நம் நாட்டில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. நாங்கள் ஒழுங்காகப் பாடம் சொல்லித் தருகிறோமா, அடிக்கிறோமா, வேலைக்காரியாக வைத்திருக்கிறோமா என்று கேட்க ஒருத்தரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. இது சுதந்திரம் என்று நீங்கள் கைதட்டுகிறீர்கள். எனக்கு இது பயமாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அடிக்கடி கேட்கிறீர்கள். அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவும், 2010 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினாலு வயது வரை கல்வியைப் பிள்ளையின் உரிமை ஆக்கின. கவனியுங்கள், பிள்ளையின் உரிமை. அப்பா அம்மாவின் உரிமை என்று அதில் இல்லை. அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம். ஆனால் நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, சம்பளம் வாங்கி, 'கற்றல் கூடம்' என்று பெயர் வைத்து அங்கீகாரம் இல்லாமல் பள்ளிக்கூடமாகவே நடத்தினால் 18ஆவது பிரிவு வரும். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் தொடர்ந்தால் நாளைக்குப் பத்தாயிரம். மலையில் இடம் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்கிற சிலருக்காக இதைச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளி எல்லாம் சொர்க்கமா என்றால், இல்லை. ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பைப் பார்க்கிற பள்ளிகள் இந்த மலையில் இருக்கின்றன. ஒருவர் பயிற்சிக்கோ மீட்டிங்குக்கோ கீழே போனால் அன்றைக்கு ஒரே டீச்சர். கொரோனாவில் படிப்பு விட்டுப்போய், அதைச் சரிக்கட்ட இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்று திட்டம் போட வேண்டி வந்ததும் எல்லாருக்கும் தெரியும். திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் திட்டுகிற விதம் ரெண்டு. 'டீச்சர் போடு, கூரையைச் சரி செய், பஸ்ஸை நேரத்துக்கு விடு' என்று கிராம சபையில் எழுந்து திட்டுவது ஒன்று. 'பள்ளிக்கூடமே தப்பு' என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போவது இன்னொன்று. ரெண்டாவது திட்டு அதிகாரிகளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதற்கு அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை பாருங்கள்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளை வரை ரெண்டு டீச்சர். அறுபத்தொன்று ஆனால்தான் மூன்றாவது டீச்சர். தனியார் பள்ளி வேன் ஒரு பக்கம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், தாசில்தார் ஆபீஸில் மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளை வெளியே எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கிறவர்களுக்காக யார் மனு எழுதுவது?

ஆகவே வீட்டுக்கல்வி செய்ய நினைக்கிறவர்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, பரீட்சையை முதல் நாளே யோசியுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினாலு வயது முடிந்தால் பத்தாவது எழுதலாம். அஞ்சு பாடம், அஞ்சு வருஷ அவகாசம், ஒன்பது வாய்ப்பு. மாநில வழியில் போனால் பன்னிரண்டரை வயதுக்கு மேல் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி, அப்புறம் பத்தாவது. இரண்டில் ஒன்றை முடிவு செய்யாமல் 'பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள். பதினேழு வயதில் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் நிற்கப் போவது உங்கள் பிள்ளை.

ரெண்டு, யார் சொல்லித் தரப் போகிறார், அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். அநேகமாக அம்மாதான் வேலையை விடுவார், அநேகமாக அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் வீட்டிலும் பெரும் பங்கு பாரம் என் மனைவி தோளில்தான். அவர் முடியாது என்று சொல்கிற அன்றைக்கு மகள் பள்ளிக்கூடம் போவாள். இது எங்கள் வீட்டு ஒப்பந்தம், மகளுக்கும் தெரியும்.

மூன்று, பிள்ளையை வெளியே எடுத்தாலும் நீங்கள் வெளியே வராதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், எங்களைப் போன்றே மலையாளி மக்கள் வாழ்கிற சிட்டிலிங்கியில் 'துளிர்' என்று ஒரு கற்றல் மையம் இருக்கிறது. நகரத்தில் இருந்து வந்தவர்கள்தான் தொடங்கினார்கள். பள்ளிக்குப் போகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடமும், படிப்பு நின்றுபோன இளவட்டங்களுக்குக் கைத்தொழிலும் பரீட்சைக்குத் தயாரிப்பும் என்று ஆரம்பித்தார்கள். மாற்றுக்கல்வி என்றால் எனக்கு மரியாதை அந்த மாதிரி ஆட்கள் மேல்தான். நாங்கள் செய்வது அதில் நூறில் ஒரு பங்கு. செவ்வாய், வியாழன் சாயங்காலம் எங்கள் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். என் மகளும் அவர்களோடுதான். அவளுக்குச் சிநேகிதிகள் கிடைத்தது அந்தத் திண்ணையில்தான்.

அந்தப் பிள்ளைகள் காதில் விழும்படிதான் நீங்கள் 'ஜெயில்' என்று சொல்கிறீர்கள். ஒரு தடவை ஒரு நண்பர் அப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் என்னிடம் கேட்டான்: "அப்போ நாங்க ஏன் போறோம் மாமா?" அவன் கேட்டதில் கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் அப்பாவுக்கு அவனை மரம் ஏறி மிளகு பறிக்க அனுப்பினால் நாள் கூலி கிடைக்கும். அதை விட்டுக்கொடுத்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறார். அந்த வீட்டில் உங்கள் வசனம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்ச், ஏப்ரலில் மழை பெய்தால் காப்பி பூக்கும், மலையே மல்லிகை மாதிரி மணக்கும். வர நினைக்கிறவர்கள் தாராளமாக வாருங்கள். சாயங்காலம் வந்தால் திண்ணையில் பிள்ளைகள் இருப்பார்கள். வாசிக்க ரெண்டு புத்தகம் கொண்டுவாருங்கள், முடிந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பையனை, "நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம்?" என்று கேளுங்கள்.